பூட்டிய ஃபோல்டரின் பெயர்

திருச்சி தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில். தினமும் காவிரிப் பாலத்தைக் கடந்து போய் வருகிறேன்.

எல்லோருடைய போட்டோக்களும் பத்திர நகல்களும் ஒரே இடத்தில் இருக்கட்டுமே என்று, வீட்டு ஹாலில் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டு வைஃபையில் இருக்கும் எந்த போனிலும் டேப்லெட்டிலும் அதைத் திறக்கலாம். ஆளுக்கொரு யூசர்நேம், பாஸ்வேர்டு. மதியம் சாப்பிட்ட பிறகு அம்மா அதில் பேத்தியின் போட்டோக்களைப் பார்ப்பார்.

போன வருடம் அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பரிசோதனை ரிப்போர்ட் என் மெயிலுக்கு வந்தது. தைராய்டு புற்றுநோய், ஆரம்ப நிலை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். சென்னையிலிருந்து தங்கை வரட்டும், பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

ரிப்போர்ட்டை அந்தப் பெட்டியில் ஒரு ஃபோல்டரில் போட்டேன். ‘அம்மா கேன்சர் ரிப்போர்ட்’ என்று பெயர் வைத்தேன். அம்மாவின் யூசருக்கு மட்டும் அனுமதி இல்லை என்று அமைத்தேன். இரண்டு நிமிட வேலை.

ஐந்தாம் நாள் இரவு அம்மா டேப்லெட்டை என்னிடம் நீட்டினார்.

“இது மட்டும் திறக்க மாட்டேங்குதுடா. நாலு நாளா தட்டித் தட்டிப் பார்க்கறேன்.”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஃபோல்டருக்குள் இருந்த எதையும் அம்மா பார்க்கவில்லை. பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

எங்கள் ஊர்ப் பரமபத வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். அது மூடியிருக்கும் நாட்களிலும் அங்கே ஒரு வாசல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஷேர் செய்த ஃபோல்டரும் அப்படித்தான். திறக்கும் அனுமதி வேறு, பெயர் கண்ணில் படுவது வேறு. அனுமதியை எடுத்துவிட்டாலும் பட்டியலில் பெயர் தெரிந்துகொண்டே இருக்கும்.

அன்றிரவே என் யூசரில் நுழைந்து ரிப்போர்ட்டைக் காட்டினேன். அம்மா நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“ஆரம்ப நிலைதானே? இதைச் சொல்லவா அஞ்சு நாள்? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்.”

மறுநாள் அலுவலகம் போனதும் முதல் வேலையாக, ஒரு சாதாரண ஊழியரின் யூசரில் நுழைந்து பார்த்தேன். ‘சம்பள உயர்வு’, ‘சொத்துப் பிரிப்பு’, அதன் பக்கத்திலேயே வாடிக்கையாளர் பெயர். எதுவும் திறக்காது. ஆனால் எல்லாம் தெரிந்தது. இத்தனை வருடம் அட்மின் யூசரிலேயே பார்த்து வந்ததால் எனக்கு இது உறைக்கவில்லை. அட்மினுக்கு எப்போதும் எல்லாமே தெரியும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விண்டோஸ் சர்வரில் ‘ஆக்ஸஸ் பேஸ்டு எனுமரேஷன்’ என்ற வசதி 2005-லேயே, சர்வர் 2003-இன் முதல் சர்வீஸ் பேக்குடன் வந்துவிட்டது. ஷேரின் செட்டிங்ஸில் அதை டிக் செய்தால், படிக்க அனுமதி இல்லாதவருக்கு அந்த ஃபோல்டரின் பெயரே பட்டியலில் வராது. லினக்ஸ் சர்வர்களில் ஓடும் சாம்பாவிலும் ‘ஹைட் அன்ரீடபிள்’ என்ற அமைப்பு இதையே செய்கிறது. வீட்டுப் பெட்டிகள் பலவற்றிலும் இது ஒரு டிக் மட்டும்தான். ஆனால் அனுமதிகளை முதலில் ஒழுங்காகப் பிரிக்க வேண்டும். எல்லோருக்கும் படிக்க அனுமதி கொடுத்துவிட்டு இதை டிக் செய்தால் ஒன்றும் மறையாது.

அலுவலகத்தில் டிக் செய்தேன். ஊழியரின் யூசரில் மறுபடி நுழைந்து, பெயர்கள் போய்விட்டனவா என்று சரிபார்த்தேன்.

சாயங்காலம் வீட்டுப் பெட்டியில் அதே டிக்கைத் தேடினேன். கை நின்றது. என் பேங்க் பேப்பர்களை மறைக்கலாம். அது என்னுடையது. இந்த ரிப்போர்ட் யாருடையது? அம்மாவின் உடம்பைப் பற்றியதை அம்மாவிடமிருந்து பூட்ட எனக்கு யார் அனுமதி கொடுத்தது?

முதலில் அந்த ஃபோல்டரில் படிக்கவும் எழுதவும் அம்மாவுக்கு அனுமதி கொடுத்தேன். அதன் பிறகுதான் என் பேப்பர்களுக்காக அந்த டிக்கைப் போட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன வாரம் மருந்துச் சீட்டு ஒன்றைத் தேடி அந்தப் பட்டியலைத் திறந்தேன். ஃபோல்டரின் பெயர் மாறியிருந்தது. பேத்தியிடம் கேட்டு அம்மாவே மாற்றியிருக்கிறார்: ‘என் ரிப்போர்ட்’.