தொக்கி நிற்கும் சுவர்கள்

கட்டட வரைபடத்தில் சுவர் என்று நாம் காண்பது இரண்டு இணைகோடுகள். ஜன்னல் என்று காண்பது அவற்றின் இடையே ஓடும் இன்னும் இரண்டொரு கோடுகள். கதவு என்பது ஒரு நேர்கோடும் ஒரு கால்வட்டமும். ஆனாலும் கொத்தனார் அதைப் பார்க்கிறபோது செங்கல்லும் சுண்ணாம்பும் கண்ணாடியும் தாமாகவே வந்து பொருந்திக்கொள்கின்றன. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதன்று. ‘பொற்குடம்’ என்ற தொடரில் பொன்னும் குடமும் மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன; பொன்னால் ஆகிய குடம் என்பதில் உள்ள ‘ஆல்’ என்ற உருபும் ‘ஆகிய’ என்ற பயனும் மறைந்து நிற்கின்றன. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். வரைபடமும் ஒருவகையில் தொகைநிலைத் தொடர்தான். தொகையை விரிக்கத் தெரியாத ஒரு வாசகனிடம் அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை, எங்கள் கல்லூரி நூலகத்தின் வாசிப்பறை தொடர்பாகச் சில மாதங்கள் அலைந்தபோது அறிந்துகொண்டோம்.

அந்த அறை விடுதலைக்கு முன் கட்டப்பட்டது. மெட்ராஸ் டெரஸ் கூரை, 16 அடி உயரம். வடக்குச் சுவரில் 9 ஜன்னல்கள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு வெண்டிலேட்டர். வீட்டில் படிப்பதற்கென்று ஒரு மேசை இல்லாத பிள்ளைகள் காலையிலேயே வந்து ஜன்னலோர இருக்கைகளைப் பிடித்துக்கொள்வார்கள். மின்சாரம் போனாலும் அந்த வரிசையில் யாரும் தலை நிமிர்வதில்லை. இந்த 9 ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்து, சுவரோரம் இரும்பு அலமாரிகளை நிறுத்தி, அறைக்குக் குளிர்சாதனம் பொருத்துவது என்று ஒரு திட்டம் நூலகக் குழுவின் முன் வந்தது. கூடவே தனியார் ஆலோசனை நிறுவனம் ஒன்றின் அறிக்கையும் வந்தது. அறைக்குள் வரும் பகல் வெளிச்சம் ஏற்கெனவே போதாது. ஆகவே ஜன்னல்களை அடைப்பதால் இழப்பு ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். வண்ணப்படம் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. தரை முழுவதும் கருநீலம்.

குழுவில் நாங்களும் இருந்தோம். அந்த ஜன்னலோரத்தில் வெளிச்சம் உண்டு என்பது கண்ணால் கண்டது. ஆனால் அறிக்கையில் எண் இருந்தது. எண்ணுக்கு முன்னால் அனுபவத்துக்கு மதிப்பில்லை என்பது இக்காலக் கூட்டங்களின் நியதி. பகலொளிக் காரணி சராசரி 0.9 என்றது அறிக்கை. மேகம் மூடிய வானத்தின்கீழ் திறந்தவெளியில் கிடைக்கும் ஒளியில் நூற்றில் எத்தனை பங்கு உள்ளே மேசைமேல் வந்து சேர்கிறது என்பதே இந்தக் காரணி. வெளியே 10,000 லக்ஸ் இருக்க, மேசைமேல் 200 லக்ஸ் இருந்தால் காரணி 2. இதில் அரைகுறை இல்லை, நல்ல அளவுகோல்தான்.

எங்கள் அண்ணன் மகன் கட்டடக்கலை படித்தவன். நிறுவனத்திடமிருந்து கல்லூரி கேட்டு வாங்கிய கோப்புகளை அவனிடம் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் சொன்னான்: “சித்தப்பா, வெளிச்சக் கணக்கு எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு. ஆனா அது உங்க ரூம் இல்ல.”

அவன் சொன்னதன் பொருள் விளங்க, இரண்டு கோப்பு மரபுகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த நிறுவனம் பயன்படுத்திய மென்பொருளின் உள்ளே இயங்குவது ரேடியன்ஸ். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்ட் என்பவர் 1985 இல் எழுதத் தொடங்கி, 2002 இல் திறமூலமாக எல்லோருக்கும் கிடைத்தது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதே காட்சி என்று நியாய மரபினர் கருதினார்கள். இயற்பியல் அதைத் தள்ளிவிட்டது. ரேடியன்ஸோ கணக்கின் வசதிக்காக அதே திசையில்தான் போகிறது. பார்க்கும் புள்ளியிலிருந்து கதிரை அனுப்பி, அது எதில் பட்டு எங்கே திரும்பி எந்த விளக்கையோ வானத்தையோ சென்றடைகிறது என்று தேடுகிறது. அதற்கு வேண்டியவை பரப்புகள்: பல்கோணம், கோளம், உருளை, கூம்பு போன்றவை. ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு பொருள் சொல்லப்பட வேண்டும். அடிப்படைப் பொருள் ஒவ்வொன்றின் வரையறையும் ‘வாய்ட்’, அதாவது வெறுமை, என்ற சொல்லில் தொடங்குகிறது. (இல்லதிலிருந்து உள்ளது தோன்றாது என்று சொல்லும் சைவ சித்தாந்திகள் பொறுத்தருள்க.)

மறுபக்கம் ஆட்டோகேட். 1982 இல் அது முதன்முதலாக வந்தபோதே கூடவந்தது டிஎக்ஸ்எஃப் என்ற பரிமாற்றக் கோப்பு. அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து படிக்கலாம். நாங்களும் திறந்து படித்தோம். ஒரு வரியில் குறியெண், அடுத்த வரியில் மதிப்பு என்று முடிவில்லாமல் போகிறது. 8 என்றால் அடுத்து வருவது லேயரின் பெயர். 10, 20, 30 என்றால் ஒரு புள்ளியின் மூன்று ஆயத்தொலைகள். சூத்திரம் போன்ற இறுக்கம். ஆனால் ‘இது சுவர்’ என்று அது எங்கும் சொல்வதில்லை. இந்த லேயரில் இங்கிருந்து அங்கே ஒரு கோடு என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. லேயரின் பெயர் ஒன்றுதான் பொருளைப் பற்றிய ஒரே துப்பு. உருமாற்றும் நிரல்கள் பெரும்பாலும் அந்தப் பெயரையே ரேடியன்ஸின் பொருட்பெயராக எடுத்துக்கொள்கின்றன. எங்கள் வரைபடத்தில் இருந்த லேயர்களின் பெயர்கள்: ‘0’, ‘லேயர்1’, ‘லேயர்1-புதிது’, ‘செக்-சார்’. வரைந்தவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் காகிதத்தில் அச்சிட்டுக் கையில் தரத்தான் வரைந்தார்.

இனி அறை எப்படி வேறு அறையாயிற்று என்பதற்கு வருவோம். தளப்படம் என்பது கட்டடத்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில் கிடையாக வெட்டிப் பார்க்கும் பார்வை. வெட்டுக்கு மேலே இருப்பதைப் புள்ளிக்கோட்டால் காட்டுவது வழக்கம். 9 வெண்டிலேட்டர்களும் அப்படித்தான் புள்ளிக்கோடுகளாக இருந்தன. மாதிரியைக் கட்டியவர்கள் சுவர்க்கோடுகளை மேல்நோக்கி இழுத்துச் சுவராக்கினார்கள். ஜன்னல் இருந்த இடத்தில் திறப்பு விட்டார்கள். மேலே கூரைவரை மூடினார்கள். பிறகு உருமாற்றம். ரேடியன்ஸில் கோடு என்று ஒரு பொருளே கிடையாது. கோட்டுக்குப் பரப்பு இல்லை; ஒளி படுவதற்கு அதில் இடமில்லை. ஆகவே உருமாற்றும் நிரல் புள்ளிக்கோடுகளை எல்லாம் சத்தமின்றிக் கீழே போட்டுவிட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, ஏனெனில் அதன் நோக்கில் எதுவும் தொலையவில்லை. மேகமூட்ட வானத்தில் தலைக்கு நேர்மேலே உள்ள ஒளிர்வு அடிவானத்தைப்போல் மூன்று மடங்கு. உயரத்தில் இருக்கும் திறப்புதான் அந்த மேல்வானத்தைப் பார்க்கும். அறையின் உட்பகுதிவரை ஒளியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். போனவை அந்தத் திறப்புகள்.

அடுத்தது கண்ணாடி. இது இன்னும் நுட்பமானது. ஜன்னல்களுக்கு முப்பரிமாண உரு கொடுத்தபோது கண்ணாடியைச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பெட்டியாகச் செய்திருந்தார்கள். நிஜக் கண்ணாடிக்குத் தடிமன் உண்டுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் ரேடியன்ஸின் ‘கிளாஸ்’ என்ற பொருள் ஒற்றைப் பரப்புக்கென வகுக்கப்பட்டது. ஒரு தகட்டின் இரண்டு முகங்களிலும் நடப்பதை அது தனக்குள்ளேயே கணக்கிட்டுவிடும். பெட்டியாகக் கொடுத்தால் முன்முகம் ஒரு கண்ணாடி, பின்முகம் இன்னொரு கண்ணாடி என்று இரண்டாகக் கொள்ளும். 88 சதவீத ஒளியை விடும் சாதாரணக் கண்ணாடி இப்படி இரட்டித்தால் 77 சதவீதம்தான் விடும். வரைபடம் உண்மையைச் சொன்னது, மென்பொருளும் உண்மையைச் சொன்னது. இரண்டுக்கும் இடையில் ஒளி காணாமல் போயிற்று. மொழிபெயர்ப்பில் கை வைத்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். (அந்தப் பொருளுக்குக் கொடுக்க வேண்டிய எண்கூட 0.88 அன்று, 0.96. அந்தக் கதை இங்கே வேண்டாம்.)

மூன்றாவது, நிறம். எல்லா லேயர்களுக்கும் பாதி ஒளியைத் திருப்பும் ஒரே சாம்பல் நிறம் கொடுக்கப்பட்டிருந்தது. எங்கள் வாசிப்பறைச் சுவரோ வெள்ளையடித்தது. லக்ஸ் மீட்டரைச் சுவரில் ஒட்டினாற்போல் வைத்துச் சுவர்மேல் விழும் ஒளியை அளந்து, பிறகு அதைச் சுவர்நோக்கித் திருப்பிச் சிறிது பின்னிழுத்துத் திரும்பும் ஒளியை அளந்தோம். முரட்டுக் கணக்குத்தான்; ஏறத்தாழ முக்கால் பங்கு திரும்பியது. பாதிக்கும் முக்காலுக்கும் அப்படியென்ன வேறுபாடு என்றால், சுவரில் மூன்று முறை பட்டுத் திரும்பும் ஒளியைப் பாருங்கள். பாதி, பாதி, பாதி என்றால் எட்டில் ஒரு பங்கு மிஞ்சும். முக்கால், முக்கால், முக்கால் என்றால் நூற்றில் 42. இத்தனை முறை பட்டுத் திரும்புவதைக் கணக்கிடு என்று ரேடியன்ஸுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் அதன் இயல்பு பூஜ்யம்.

அண்ணன் மகன் அறையை மறுபடி கட்டினான். அளவுகளை நாங்கள் நாடாப்பிடித்து எடுத்தோம். ஜன்னல் கம்பிகளின் பருமன், சட்டத்தின் அகலம், சுவரின் ஒன்றரை அடிக் கனம் எல்லாம் சேர்ந்தன. கனத்த சுவர் ஒளியை விழுங்கும் என்பதால் இவற்றில் சில எங்களுக்கு எதிராகவே வேலை செய்தன. எல்லாம் முடிந்து சராசரிக் காரணி 2.1 என்று வந்தது. அறிக்கை சொன்னதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அன்று மாலை நூலகர் எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் அவனே கேட்டான்: “வடக்கால ஒரு வேப்பமரம் நிக்குதே சித்தப்பா, அத என்ன பண்றது?”

மரம் எந்த வரைபடத்திலும் இல்லை. நிறுவனத்தின் மாதிரியிலும் இல்லை. சேர்த்தால் எங்கள் எண் இறங்கும். குழுவில் யாரும் மரத்தைப் பற்றிக் கேட்டிருக்கப் போவதுமில்லை. ஆனால் புள்ளிக்கோட்டை விட்டுவிட்டார்கள் என்று மற்றவர்களைச் சொல்லிவிட்டு, கண்ணெதிரே நிற்கும் மரத்தை நாங்கள் விட்டுவிட்டால் எந்த முகத்தோடு கூட்டத்தில் பேசுவது? மரத்தை ஒரு பெரிய கோளமாகச் செய்தால் ஒரு துளி ஒளியும் ஊடே வராது. அது வேம்பு ஆகாது, பாறை. ஆயிரக்கணக்கான சிறு பல்கோணங்களை இலைகளாகத் தூவி, இடைவெளி விட்டு, அடர்த்தியை நிழற்படத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்தான் அவன். சராசரி 1.7க்கு இறங்கியது. கிழக்கோரத்து மூன்று ஜன்னல்களின் முன்னே இருந்த மேசைகளில் 1க்கும் கீழே.

நவம்பரில், மழை வராமல் வானம் மட்டும் ஒரே சீராக மூடியிருந்த ஒரு முற்பகலில், ஒருவர் மொட்டைமாடியிலும் ஒருவர் அறைக்குள்ளுமாக நின்று, கைபேசியில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் அளந்தோம். வடகிழக்குப் பருவமழை இந்தக் கணக்கின் வானத்தை இலவசமாகத் தந்தது. இரண்டு இடங்கள் நீங்கலாக, எந்த மேசையிலும் பத்தில் ஒரு பங்குக்குமேல் வேறுபாடு இல்லை. அந்த இரண்டு இடங்களிலும் பழைய செய்தித்தாள் கட்டுகள் மறைத்துக்கொண்டிருந்தன. அவற்றையும் யாரும் வரைந்திருக்கவில்லை.

கூட்டத்தில் இரண்டு அறைகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நிறுவனத்தார் வாதாடவில்லை, வெண்டிலேட்டர்களைக் காட்டியதும் அவர்களுக்கே விளங்கிவிட்டது. ஆனால் மரத்தின் நிழலில் கிடந்த மூன்று ஜன்னல்களை நாங்கள் கொண்டுபோன எண்ணே கைவிட்டது. அந்த மூன்றை அடைப்பதென்றும், மீதி ஆறையும் வெண்டிலேட்டர்களையும் தொடுவதில்லை என்றும் முடிவாயிற்று. குளிர்சாதனப் பேச்சு அடுத்த நிதியாண்டுக்குப் போயிற்று. மூன்றாவது ஜன்னலில் எப்போதும் உட்கார்ந்து படிக்கும் மாணவி, அங்கே தனக்கு வெளிச்சம் போதும் என்று நூலகரிடம் சொல்லியிருக்கிறாள். சித்திரை, வைகாசி வெயிலில் அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். நாங்கள் கணக்கிட்டது மேகமூட்ட வானத்துக்கு.

அடைத்த சுவரின் முன்னே இப்போது அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் நிற்கின்றன. மீதி ஆறு ஜன்னல்களுக்குக் காலை ஒன்பதரைக்குள் போய்ச் சேர வேண்டும்.