அன்பியத்துப் பாய்

ஊர் நிறைய சனம் இருந்தும் தனியா நிறுத்தப்பட்டவங்க நாங்க. தாத்தா காலத்துலயே வேதத்துல சேர்ந்தோம். மாதா கோயிலுக்குள்ளயும் எங்களுக்குன்னு ஒரு பக்கம். கல்லறைக்கு நடுவுல ஒரு சுவர். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். நாங்கள் இன்றும் வெளியேதான். சர்ட்டிபிகேட்டில் பிற்படுத்தப்பட்டோர், தெருவில் பறையர்.

வீட்டுக்காரர் செத்தப்புறம் மூணு மாசம் கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்தேன். பங்குச்சாமி வரல. எங்க தெரு அன்பியத்துப் பொம்பளைங்க வந்து தட்டினாங்க. "இன்னிக்கு ஜெபமாலை ஒன் வீட்டுலதான்"னு பாயை விரிச்சாங்க. ஜெபம் முடிஞ்சதும் ஒவ்வொருத்தியும் தன் பாட்டைச் சொன்னா: வராத கூலி, குடிகாரப் புருசன், கோயில்ல பட்ட அவமானம். கேக்கக் கேக்க என் துக்கத்துக்கும் வாய் வந்துச்சு.

கடவுள் எங்களோட இருக்கார்னு நான் நம்புனது அந்தப் பாயிலதான். அதுல முன்வரிசை பின்வரிசை கிடையாது. கல்லறைச் சுவரை இடிக்கச் சொல்லி மனு எழுதினதும் அதுல உக்காந்துதான். முதல் கையெழுத்து என்னுடையது. சுவர் இன்னும் நிக்குது. வர்ற கல்லறைத் திருநாளுக்கு எல்லாருமாப் போய் மறுபடியும் கேக்கப் போறோம்.