டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது

பாளையங்கோட்டையில் 13 வருடம் டிடிபி சென்டர் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பேன். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வரும் தம்பி ஒவ்வொரு முறையும் போகிறபோது ஒன்று சொல்வார்: “அக்கா, முக்கியமானதையெல்லாம் டி-யில போட்டு வைங்க. சி போனாலும் டி போகாது. ஃபார்மேட் அடிச்சாலும் அது பாட்டுக்கு இருக்கும்.” அது பொய்யில்லை. மூன்று முறை அவர் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறார். மூன்று முறையும் டி அப்படியே இருந்தது.

கடையை மூடியபோது வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். 2009இல் வாங்கியது. கோர் 2 டுவோ, 2 ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் ஓடிய விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. மாடி வீட்டுப் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு. அந்தப் பெட்டியில் பிரவுசரைத் திறந்தால் எழுந்துபோய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வரலாம், அவ்வளவு வேகம். ரிப்பேர் தம்பி வர முடியாது.

பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகன்தான் போனில் சொன்னான்: “அத்தை, லினக்ஸ் போடுங்க. காசு கிடையாது. பழைய மெஷின்ல நல்லா ஓடும்.”

லினக்ஸ் என்ற பெயர் எனக்குப் புதிதில்லை. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வரும். “அக்கா, இத எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் வச்சுக் குடுங்க” என்று பிள்ளைகள் கடைக்கு வருவார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லாமல், “அது வேஸ்ட்டும்மா” என்று ரிப்பேர் தம்பியிடம் அனுப்பிவிடுவேன். ஒருமுறையாவது அது என்ன என்று திறந்து பார்த்ததில்லை.

அவன் சொன்னது லினக்ஸ் மின்ட் 19.3, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கிட்டத்தட்ட 2 ஜிபி. என் போனுக்கோ ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான். முதல் நாள் முக்கால்வாசி வந்து நின்றது. மறுநாள் தொடரப் பார்த்தால் முதலிலிருந்து ஆரம்பித்தது. கடைசியில் என் போனிலும் வீட்டுக்காரர் போனிலும் மாற்றி மாற்றி ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினேன். ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் அதைப் பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு எஃப்12ஐத் தட்டினேன். நாலாவது தடவை பிடித்தது.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லியாக வேண்டும். லினக்ஸை ஹார்ட் டிஸ்கில் போடாமலே, பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பழைய பெட்டி புதுப் பெட்டி மாதிரி திறந்தது. பிரவுசர் வந்தது, பாட்டு கேட்டது, தமிழ் எழுத்து சுத்தமாகத் தெரிந்தது. பிடிக்கவில்லையென்றால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி விண்டோஸுக்கே போய்க்கொள்ளலாம். புடவைக் கடையில் மேலே போட்டுப் பார்க்கிற மாதிரி. அந்த இடத்தில் நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை.

மருமகன் கேட்கத்தான் கேட்டான். “அத்தை, பேக்கப் இருக்குல்ல?”

“எல்லாம் வேற டிரைவ்ல இருக்குப்பா.”

“அப்பச் சரி. தைரியமாப் போடுங்க.”

நான் சொன்னது டி டிரைவை. அவன் நினைத்தது தனியாகக் கழற்றி எடுத்து வைத்த ஹார்ட் டிஸ்கை. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் பேசினோம்.

சி, டி என்பவை விண்டோஸ் வைத்த பெயர்கள். பெட்டிக்குள் இருக்கிற டிஸ்க் ஒன்றுதான். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட மாதிரி. ரிப்பேர் தம்பி ஃபார்மேட் அடித்தது ஒரு பங்கை மட்டும். லினக்ஸில் சி, டி என்ற பெயர்களே கிடையாது. அது முழு டிஸ்கையும் எஸ்டிஏ என்று ஒரே பெயரால் கூப்பிடும். இதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்குத் திரையில் சில வழிகள் இருந்தன. விண்டோஸ் பக்கத்திலேயே போடுவது ஒன்று, டிஸ்கை அழித்துவிட்டுப் போடுவது ஒன்று. இரண்டாவதன் கீழே எச்சரிக்கையும் இருந்தது: எல்லா இயங்குதளங்களிலும் உள்ள ஆவணங்கள், படங்கள், பாட்டுகள் எல்லாம் அழிந்துவிடும் என்று ஆங்கிலத்தில். பிறகு இன்னொரு பெட்டி வந்து, எஸ்டிஏ என்று பெயர் சொல்லி, மாற்றங்களை எழுதிவிடட்டுமா என்று கேட்டது. அடுத்தவர் எழுத்தில் ஒற்றுப்பிழையைக்கூட விடாத நான், அந்த இரண்டு இடத்தையும் படிக்காமல் தட்டிக்கொண்டே போனேன். விண்டோஸ் அழியப்போகிறது, அழியட்டும், டி-தான் இருக்கிறதே என்று நினைப்பு.

இருபது நிமிடத்தில் முடிந்தது. காப்பி போட்டுக் கொண்டுவந்து உட்கார்ந்து டி-யைத் தேடினேன். எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்றே ரொம்ப நேரம் நம்பினேன். மெனுக்களையெல்லாம் திறந்து மூடினேன். போனில் படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். அவன் உடனே கூப்பிட்டான். “அத்தை, முதல்ல மெஷினை ஆஃப் பண்ணுங்க. எதையும் தொடாதீங்க.” அந்தக் குரலிலேயே புரிந்துவிட்டது.

போனதில் பத்திரிகை, ஆய்வேடு எல்லாம் உண்டு. அவற்றுக்காக நான் அழவில்லை. ஒரு தமிழய்யாவின் வேலை அதில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு நெல்லைப் பக்கத்து வட்டாரச் சொற்களை நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்தார். சாரம் என்றால் லுங்கி, வாரியல் என்றால் விளக்குமாறு என்கிற மாதிரி. வரிசைக்கு ஒரு ஃபைலாக அகரவரிசையில் அடித்துக் கொடுத்தேன். பேச்சில் மட்டும் உள்ள சொல் என்றால், பொருளுக்குப் பின்னால் ‘வழக்கு’ என்று போடச் சொல்வார். புத்தகமாக வருவதற்கு முன் போய்விட்டார். வீட்டைக் காலி செய்தபோது நோட்டெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டதாம். அவர் மகள் பிப்ரவரியில்தான் போன் செய்தார். “அக்கா, அப்பா அடிக்கக் குடுத்தது இருக்கா?” “பத்திரமா இருக்கும்மா, டி டிரைவ்ல. ஒரு நாள் காப்பி போட்டுத் தாரேன்” என்றேன். போட்டுக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அழிப்பது என்றால் டிஸ்க் முழுவதையும் துடைத்துவிடுவது இல்லையாம். சர்வே கல்லைப் பிடுங்கிப் போட்டது மாதிரிதான். மண் அங்கேயே கிடக்கும், யார் வயல் எது என்றுதான் தெரியாது. புதிதாக உழுது விதைத்த இடம் மட்டும் நிஜமாகவே போச்சு. ஃபோட்டோரெக் என்று ஒரு மென்பொருள், பெயர், விலாசம் எதையும் பார்க்காமல் டிஸ்கை ஓரத்திலிருந்து ஓரம் வரை நடந்து, இது வேர்டு ஃபைல் மாதிரி இருக்கிறது, இது படம் மாதிரி இருக்கிறது என்று பொறுக்கிக்கொண்டு வரும். பொறுக்கியதை வேறொரு டிஸ்கில்தான் போட வேண்டும். கடை எதுவும் திறக்காத நேரம். பக்கத்து வீட்டுப் பையன் 500 ஜிபி டிஸ்க் நிறையப் படம் வைத்திருந்தான். ஊரடங்கில் அவனுக்கு அதுதான் சோறு. இருந்தும் பாதியை அழித்து இடம் பண்ணிக் கொடுத்தான்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்தோம். காலையில் பார்த்தால் ஃபோல்டருக்கு ஐநூறாக ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, நம்பர்தான். பாதிக்கு மேல் பிரவுசர் சேர்த்து வைத்திருந்த துணுக்குப் படங்கள். ஒரு வேர்டு ஃபைலைத் திறந்தேன். தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை.

“கரப்ட் ஆயிருக்கு போல அத்தை” என்றான் மருமகன்.

எனக்குச் சிரிப்பு வந்தது, இரண்டு நாளில் முதல்முறையாக. அது கெட்டுப்போன ஃபைல் இல்லை, பாமினி. அந்தக் காலத்து எழுத்துரு அது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நாம் அடிப்பது ஆங்கிலம்தான். திரையில் தமிழ் வேஷம் போட்டுக் காட்டும். எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தால் ‘அம்மா’. 13 வருடம் விரலில் இருந்தது இப்போது கண்ணுக்கு வந்தது. ஆர், எச், யு, கே, அரைப்புள்ளி. சாரம்! ச வரிசை கிடைத்துவிட்டது.

எல்லாவற்றையும் திறந்து பார்த்தால் மாசக்கணக்கு ஆகும். ஃபைலைத் திறக்காமலே உள்ளே ஒரு சொல்லைத் தேடும் கட்டளை உண்டு என்றான், என்ன தேட வேண்டும் என்று கேட்டான். டி, ஓ, எஃப், அரைப்புள்ளி, பெரிய எஃப் என்றேன். பாமினியில் ‘வழக்கு’ அதுதான். தேடியதில் 11 ஃபைல்கள் வந்தன. எஃப்பில் தொடங்கினால் க, ஜே என்றால் த, கே என்றால் ம என்று ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினேன். ஜி-யில் தொடங்குவது வரவில்லை. வேறு சொற்களைக் கொடுத்தும் தேடினோம். ப வரிசை இருந்த இடத்தில் அந்த இருபது நிமிடத்தில் ஏதோ எழுதியாகிவிட்டது.

அதற்குப் பிறகு செய்தது இன்னும் மோசம். நாலு மாதம் அந்தப் பெண்ணின் போனை எடுக்கவில்லை. கிடைத்ததை யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், அது ஒரு சாக்கு. தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொண்டிருந்தேன், அது இன்னொரு சாக்கு. மாடி வீட்டுப் பிள்ளை அதே பெட்டியில், அதே லினக்ஸில், தினமும் வகுப்பு கவனித்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆகஸ்டில் நானே கூப்பிட்டேன். ரிப்பேர் தம்பி சொன்னது, மருமகன் கேட்டது என்றெல்லாம் ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தி, “படிக்காமத் தட்டிட்டேம்மா. ப வரிசை போயிட்டு” என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு மூச்சு விடும் சத்தம்.

“சரிக்கா. மத்தது இருக்குல்லா. அத பைய அனுப்புங்க, அவசரம் ஒண்ணுமில்ல.”

போனை வைத்துவிட்டுப் புது ஃபைல் ஒன்றைத் திறந்தேன்.

பைய – மெதுவாக. வழக்கு.