கதிரியக்க அச்சமும் நம் இல்லங்களும்

ஜப்பானில் 2011 ஆம் ஆண்டு நிகழ்ந்த அணு உலை விபத்தைப் பற்றி இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதப் புகுவானேன் என்று அன்பர்கள் வினவக்கூடும். காரணம் உண்டு. 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் விழிஞ்ஞத்திலிருந்து சென்று கொச்சிக்கு அப்பால் கடலில் மூழ்கிற்று. அதிலிருந்த 640 பெட்டகங்களில் 13 பெட்டகங்களில் தீங்கு பயக்கும் சரக்கு இருந்தது என்றும், அவற்றுள் 12 பெட்டகங்களில் இருந்தது கால்சியம் கார்பைடு என்றும் அறிவிக்கப்பட்டது. கப்பலில் இருந்த பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை வரை வந்து ஒதுங்கின. இவ்வளவும் உண்மை, கவலைக்குரியதும் கூட. ஆனால் நம் தெருவுக்கு வந்து சேர்ந்த செய்தியோ வேறு. கப்பலில் அணுக்கழிவு இருந்ததாம். மீனில் எல்லாம் கதிர் ஏறிவிட்டதாம்! நாள்தோறும் தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் மூதாட்டியார் பத்து நாள்கள் நிறைந்த கூடையோடு வந்து நிறைந்த கூடையோடே திரும்பிப் போனார். அவருடைய முகத்தைக் கண்டபொழுதுதான் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இதே தெருவில் கேட்ட இதே குரல் நம் நினைவுக்கு வந்தது.

கோட்டுகாலைப் பற்றி வெளியூர் அன்பர்கட்கு ஒரு சொல். பாலராமபுரத்திற்கும் விழிஞ்ஞத்திற்கும் இடைப்பட்ட ஊர் இது. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பழந்தமிழ்க் குடிகளும் இங்குண்டு. நம்மைப் போலப் பிழைப்பை நாடி நெல்லைச் சீமையிலிருந்து வந்து சேர்ந்தோரும் உண்டு. நாம் இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கிறோம். ஏனையோரில் பலர் துணி தேய்ப்போர், காய்கறி விற்போர், பழைய இரும்பு வாங்குவோர். நாவில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம் என்று வாழ்க்கை நடக்கிறது. பேச்சு மலையாளம் ஆறு மாதத்தில் வந்துவிடுகிறது. எழுத்து மலையாளம் பலருக்கு வருவதே இல்லை. ஆட்சியர் அலுவலகத்து அறிவிப்பு சுவரில் ஒட்டப்பட்டிருந்தாலும் அது நம்மவர்க்கு வெறும் சுவரே. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையைக் கடல்கோள் தாக்கியது. பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் உலைகளைக் குளிரச் செய்யும் நீரோட்டத்துக்கு வேண்டிய மின்சாரம் அற்றுப்போக, 12 ஆம் நாளும் 14 ஆம் நாளும் உலைக் கட்டடங்கள் வெடித்தன. 2004 டிசம்பரில் சுனாமியைக் கண்ணாரக் கண்ட கரை நம்முடையது. ஆகவே தொலைக்காட்சியில் அந்த அலையைப் பார்த்தபொழுதே பாதி அச்சம் நம்மவர் நெஞ்சில் குடிபுகுந்துவிட்டது.

மீதிப் பாதியைக் கொண்டுவந்தது ஒரு குறுஞ்செய்தி. பி.பி.சி.யின் அவசரச் செய்தி என்று அது தன்னைத் தானே கூறிக்கொண்டது. ஆசிய நாடுகளில் மழை பெய்தால் ஒரு நாள் முழுதும் வீட்டை விட்டு வெளியே வரலாகாது, கழுத்தில் தைராய்டு சுரப்பி உள்ள இடத்தில் பெட்டாடைன் தடவ வேண்டும், கதிர் இன்ன மணிக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டை அடையும் என்றெல்லாம் அதில் இருந்தது. அப்படியொரு செய்தியைத் தாம் வெளியிடவே இல்லை என்று மார்ச் 15 அன்று பி.பி.சி. நிறுவனத்தார் மறுத்தனர். ஆயினும் பொய் கப்பலேறிவிட்டது. நம் தெருவை அடையும்பொழுது அதன் வடிவம் மாறியிருந்தது. ஆங்கிலத்தில் வந்ததை ஓர் இளைஞர் மலையாளத்தில் சொல்ல, அதைக் கேட்டவர் தமிழில் சொல்ல, பெட்டாடைன் அயோடின் ஆயிற்று, அயோடின் உப்பாயிற்று, தடவுவது குடிப்பதாயிற்று.

பழைய இரும்புக் கடையில் வேலை செய்த ஒருவரின் மனைவி, நான்கு வயதுப் பெண் குழந்தையின் கழுத்தில் அம்மருந்தைப் பூசியதோடு நில்லாமல் நீரில் சில துளிகள் கலந்து புகட்டியும்விட்டார். குழந்தை வாந்தி எடுத்துத் துவண்டது. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நற்பேறாக இரண்டு நாளில் குழந்தை தேறிற்று. தாயை யாரும் கடிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அவரே போதுமான அளவு தம்மைக் கடிந்துகொண்டார்.

அதே நாள்களில் நம் பயணச்சீட்டு அறையின் சாளரத்தில் ஒருவர் வந்து நின்றார். மனைவியும் மகனும் மூட்டைகளோடு பின்னால் நின்றார்கள்.

"அண்ணாச்சி, வள்ளியூருக்கு மூணு டிக்கெட் குடுங்க. மழ வாரதுக்குள்ள ஊரு போய்ச் சேந்துரணும்."

சீட்டைக் கொடுத்தோம், வேறென்ன செய்வது? வள்ளியூரிலிருந்து கூடங்குளம் அணுமின் நிலையம் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்பொழுது அங்கு உலை இயங்கத் தொடங்கவில்லை என்பது வேறு செய்தி. அச்சம் கால்களை ஓட்டுகிறது; திசையை மட்டும் அது சொல்வதில்லை.

இனி, அந்தச் செய்தியில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம். ஃபுகுஷிமாவுக்கும் நம் ஊருக்கும் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் தொலைவு. அந்த அட்சரேகையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசுவது. ஆகவே உலையிலிருந்து வெளிப்பட்டதில் பெரும்பகுதி பசிபிக் மாகடலின் மேல் சென்றது. ஒரு வாரத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் மிக நுண்ணிய அளவில் கருவிகள் அதைக் கண்டறிந்தன.

தைராய்டு பற்றிய பேச்சு முழுப்பொய் அன்று. அதனால்தான் அது நம்பப்பட்டது. உலையிலிருந்து வரும் அயோடின்-131 என்னும் கதிரியக்கப் பொருள் உடலுக்குள் சென்றால் அச்சுரப்பியில்தான் தங்கும். முன்கூட்டியே நல்ல அயோடினால் சுரப்பியை நிரப்பிவிட்டால் தீயது உள்ளே புக இடமிராது. அதற்காகவே உலைக்கு அண்மையில் உள்ளோர்க்குப் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை, அதுவும் அரசினர் சொல்லும் நேரத்தில் மட்டும், தரப்படுகிறது. புண்ணுக்குப் போடும் மருந்தைத் தோலில் தடவினால் அப்பயன் கிட்டாது, விழுங்கினாலோ கேடு. உப்பின் கதை இன்னும் வேடிக்கை. அந்த வாரம் சீன நாட்டில் மக்கள் கடை கடையாக உப்பை வாங்கிக் குவித்தார்கள். பெரியவர்க்குரிய மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. நம் நாட்டில் கடையில் விற்கும் உப்பில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. எழுத்தர் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டோம். ஒரு மாத்திரைக்கு ஈடாக ஒரே மூச்சில் ஆறரைக் கிலோ உப்புக்கு மேல் தின்னவேண்டும்! கதிர் வருமுன்னரே உப்பு ஆளை முடித்துவிடும்.

இதில் நம்மவர் அறியாத மற்றொன்றும் உண்டு. கதிரியக்கம் கடல் கடந்து வரவேண்டிய பொருள் அன்று. அது நம் காலடி மணலிலேயே இருக்கிறது. தெற்கே மணவாளக்குறிச்சி தொடங்கி வடக்கே சவறை வரை இக்கரையில் ஆங்காங்கே காணும் கருமணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு 1909 இல் இதைக் கண்டறிந்தார். இயற்கையாக ஒரு மனிதனுக்கு உலகச் சராசரியில் ஆண்டுக்குக் கிடைப்பது 2.4 மில்லிசீவர்ட் அளவான கதிர். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு ஏறத்தாழ 0.1. கருநாகப்பள்ளிக் கரையில் சில இடங்களிலோ உலகச் சராசரியைப் போல் பன்மடங்கு. ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டை எட்டக்கூடும் என்று கருதிய ஊர்களை ஜப்பானியர் காலி செய்தார்கள். அதைவிட மிகுதியான இடங்களில் நம் கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் கருநாகப்பள்ளியில் 69,958 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆய்ந்து, இயற்கைக் கதிரால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை என்று 2009 இல் வெளியிட்டார்கள். இதனால் கதிர் எவ்வளவாயினும் தீங்கில்லை என்று நாம் கூறுவதாகக் கொள்ளற்க. "கதிர் வருகிறது" என்று மட்டும் சொல்லி, "எவ்வளவு" என்பதைச் சொல்லாத செய்தி செய்தியே அன்று என்பதுதான் நம் வாதம்.

அப்படியானால் அஞ்சிய மக்கள் அனைவரும் பேதையரோ? அல்லர். பொய் விளைவதற்கு நிலத்தை உழுது கொடுப்பவர்கள், தெரிந்த உண்மையைப் பூட்டி வைப்பவர்களே. செர்னோபில் உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26 அதிகாலையில். 28 ஆம் நாள் காலையில் சுவீடன் நாட்டு அணுமின் நிலையம் ஒன்றின் ஊழியர் காலணியில் கதிர்த்தூசு அகப்பட்ட பின்னர், அன்று மாலைதான் சோவியத் அரசு வாய் திறந்தது. மௌனத்தின் இடைவெளியில், 2,000 பேர் மாண்டனர் என்று ஒரு செய்தி நிறுவனம் உலகெங்கும் பரப்பியது. முதற் சில திங்களில் மாண்டோர் 30 பேர். ஆனால் அந்நாள்களில் யாரும் தடுக்காமையால் கதிரயோடின் கலந்த பாலை அருந்திய சிறார் எண்ணற்றோர். சிறுவயதில் அவ்வாறு கதிர்பட்டோருள் 2005 வரை 6,000க்கும் மேற்பட்டவர்க்குத் தைராய்டுப் புற்றுநோய் காணப்பட்டது; அதில் கணிசமான பங்கு கதிரால் வந்தது. பரபரப்புச் செய்தி இறந்தோர் எண்ணிக்கையைப் பெருக்கிற்று. பாலைக் கொடுக்காதீர்கள் என்று மட்டும் எவரும் காலத்தில் சொல்லவில்லை.

ஃபுகுஷிமாவிலும் அதே கதைதான். நமியே ஊர் மக்கள் உலைக்கு அஞ்சி வடமேற்கே ஓடினார்கள். கதிரும் அத்திசையில்தான் சென்றது. அதைக் கணித்துக் காட்டிய கணினிப் படங்கள் அரசிடம் இருந்தன. மார்ச் 23 வரை அவை மக்களுக்குக் காட்டப்படவில்லை. உலை உருகிற்று என்பதை நிறுவனத்தார் மே மாதம்தான் ஒப்பினர். அச்சொல்லை வழங்கக்கூடாதென்று மேலிடத்து ஆணை இருந்தமை 2016 இல் வெளியாயிற்று. கதிரால் உடனே மாண்டோர் ஒருவரும் இலர். ஆனால் அவசரமாக வெளியேற்றியதாலும் இடம்பெயர்ந்த துன்பத்தாலும் ஃபுகுஷிமா மாகாணத்தில் இறந்தோர் 2,000க்கும் மேல். அவர்களுள் படுக்கையோடு பேருந்தில் ஏற்றப்பட்ட முதியோர் பலர்.

நம் நாட்டிலும் ஒன்று கண்டோம். கூடங்குளம் நமக்கு நேர்க்கோட்டில் 80 கிலோமீட்டர் அளவே. அந்நிலையத்துக் கணினியில் தீநிரல் புகுந்ததாகப் பேச்சு எழுந்தபொழுது, 2019 அக்டோபர் 29 அன்று அத்தகைய தாக்குதலுக்கு இடமே இல்லை என்று நிலையத்தார் அறிக்கை விடுத்தனர். மறுநாளே, புகுந்தது உண்மை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகளுக்கு ஒன்றும் நேரவில்லை, அலுவலகக் கணினி ஒன்றில்தான் என்றும் விளக்கிற்று. விளக்கம் சரியே. ஆனால் முதல் நாள் அதையே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆகவே இடிந்தகரை மக்கள் 2011 முதல் கேட்டுவந்த வினாக்களை வதந்தி என்று தள்ள நாம் ஒருப்படோம். வினா வேறு, வதந்தி வேறு.

இனி நம் குடும்பங்களுக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறோம். 2010 ஏப்ரலில், அதாவது ஃபுகுஷிமாவுக்கு ஓராண்டு முன்னர், தில்லி மாயாபுரியில் ஒரு விபத்து நடந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்து வேதியியல் துறையில் பல்லாண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த கதிரூட்டும் கருவி ஒன்று ஏலத்தில் போயிற்று. பழைய இரும்புச் சந்தையில் அதன் ஈயக் கவசத்தைப் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. கைகள் கருகின. ஒருவர் மாண்டார்; வேறு எழுவர் நோயுற்றனர். பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில் 1987 இல் கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து எடுத்த கருவி பழைய இரும்புக் கடைக்கு வந்து, அதிலிருந்த சீசியம்-137 என்னும் நீல ஒளி வீசும் பொடியை வீட்டார் விளையாட்டாகப் பூசிக்கொள்ள, நால்வர் இறந்தனர். அவர்களுள் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி.

மழைக்கு அஞ்சிக் கதவடைத்த நம் தெருவில், இவற்றைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இலர். இவ்வட்டத்தில் 'ஆக்கிரி' என்று வழங்கும் பழைய இரும்பு வாணிகத்தில் நம்மவர் எத்தனை பேர்! மருந்து புகட்டப்பட்ட அக்குழந்தையின் தந்தையும் அத்தொழிலாளரே. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கதிர் அவரைத் தேடி வரப்போவதில்லை. மூடிய பண்டம் ஒன்றாக, எடைபோடும் தராசில்தான் அது வந்து அமரக்கூடும்.

அதை அறியும் வழி கடினமன்று. மஞ்சள் நிறத்தின் மேல் ஒரு சிறு வட்டமும் அதைச் சுற்றி மின்விசிறியின் இறக்கைகள் போல் மூன்று கருநிற இறக்கைகளும் இருந்தால் அது கதிரியக்கக் குறி. 2007 முதல் புதிய குறி ஒன்றும் வந்துள்ளது: சிவந்த முக்கோணத்துள் மேலே கதிர்கள், கீழே மண்டையோடு, விலகி ஓடும் ஒரு மனிதன். குறி தேய்ந்துபோயிருக்கவும் கூடும். அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உருளையையோ, மருத்துவமனையிலிருந்தும் ஆய்வுக்கூடத்திலிருந்தும் வரும் மூடிய கருவியையோ அறுக்கவும் உடைக்கவும் வேண்டா. அதைத் தொடாமல் விலகி, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, 112 என்னும் எண்ணில் காவலர்க்கு அறிவித்தால் போதும். அவர்கள் உரியவர்க்குத் தெரிவிப்பார்கள்.

இவ்விரு குறிகளையும் பெரிய அளவில் வரைந்து, கீழே தமிழில் விளக்கம் எழுதி, நாற்பது படிகள் எடுத்துச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவைத்திருக்கிறோம். கடை நடத்தும் அன்பர்கள் ஆளனுப்பிப் பெற்றுக்கொண்டு தராசுக்கு நேரே ஒட்டிவைக்கலாம். விலை இல்லை.