பெரும்பாடு

சுவிசேஷங்களின் பழைய தமிழில் ஒரு சொல் வெகுகாலமாக என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. பன்னிரண்டு வருஷம் உதிரம் நிற்காமல் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கதையில் அது வருகிறது. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். 1871-இல் வந்த பவர் குழுவின் மொழிபெயர்ப்பிலிருந்து தொடர்ந்து புழக்கத்தில் இருக்கும் பைபிள், அவள் நோய்க்குப் பெரும்பாடு என்று பெயர் சொல்கிறது. 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு அதை எடுத்துவிட்டு இரத்தப்போக்கு என்று போட்டது. புரிந்துகொள்ள அது சௌகரியம்தான். ஆனால் பெரும்பாடு சித்த வைத்தியத்தின் சொல். நாட்டு வைத்தியரிடம் போகிற ஒருத்தி, எதையும் விவரிக்காமல் அந்த ஒரு வார்த்தையில் தன் சங்கதி முழுவதையும் சொல்லிவிடலாம். அதனுள் பாடு இருக்கிறது. சிலுவையில் முடிகிற வேதனைகளைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பாடுகள் என்றுதான் சொல்கிறார்கள். மொழிபெயர்த்தவர்கள் இந்த ஒற்றுமையை உத்தேசித்திருக்க மாட்டார்கள். ஆனால் மாற்குவின் கிரேக்கத்தில், வேறு இடத்தில், இதே முடிச்சு இருக்கிறது: வைத்தியர்கள் பலரிடம் அவள் அநேகம் பட்டாள் என்கிற இடத்து வினையும், மனுஷகுமாரன் அநேகம் பட வேண்டியிருக்கிறது என்று மூன்று அதிகாரம் தள்ளி வருகிற வினையும் ஒன்று. அவள் முதலில் பட்டாள். அவர் பின்னால் பட்டார்.

நான் கிறிஸ்தவன் இல்லை. தர்மபுரிப் பக்கத்தில் முனியப்பன் கோயில் பொங்கலைத் தின்று வளர்ந்தவன். சுவிசேஷங்களைக் கதை படிக்கிறவனாகத்தான் படித்தேன். மாற்குவை அதிகமாகவும், யோவானைக் குறைவாகவும். மாற்கு அவசரக்காரர். விளக்கம் சொல்ல நிற்காதவர். வைத்தியர்களிடம் போய் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்து இன்னும் மோசமானாள் என்று பட்டென்று சொல்லிவிடுகிறார். லூக்கா வைத்தியர் என்பது மரபு. அவர் இதே கதையைச் சொல்லும்போது அந்த 'இன்னும் மோசமானாள்' மட்டும் காணாமல் போய்விடுகிறது. தொழில் விசுவாசம் என்று சிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் பேச்சில் மாதவிலக்குக்குத் தூரம் என்று பெயர். வீட்டுக்குத் தூரம் என்பார்கள். கொல்லையில் தனிப் பாய், தனித் தட்டு, கிணற்றடிக்குப் போகக்கூடாது. மூன்று நாள் தூரம் என்றால் ஒரு வழியாகச் சமாளிக்கலாம். என் பெரியம்மாவுக்குத் தூரம் மாதத்தில் இருபது நாள் நீடித்தது. எத்தனை வருஷம் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அவள் சமைத்ததை யாரும் சாப்பிடவில்லை என்பதில்லை. அவளே சமைக்காமல் ஒதுங்கிக்கொண்டாள். லேவியராகமத்தின் பதினைந்தாம் அதிகாரம் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது: அவள் படுத்த படுக்கை தீட்டு, உட்கார்ந்த இடம் தீட்டு, அவற்றைத் தொட்டவன் சாயங்காலம் வரைக்கும் தீட்டு. இதைக் காட்டி யூத மதத்தை மட்டம் தட்டும் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமில்லை. மாற்குவின் கதையில் தீட்டு என்ற வார்த்தை வரவேயில்லை. அவளை யாரும் துரத்தவுமில்லை. கூட்டத்தில் இடித்துக்கொண்டுதான் வருகிறாள். தீட்டை அந்தக் கதைக்குள் கொண்டுபோகிறவன் நான், என் வீட்டுக் கொல்லையிலிருந்து. அப்படிக் கொண்டுபோய்ப் படிக்கும்போது, அவள் பின்பக்கமாக வந்து துணியைத் தொடுகிற அந்த முழ நீளம் எனக்குப் பன்னிரண்டு வருஷத் தூரமாகப் படுகிறது.

அவள் தொட்டதும் நின்றுவிடுகிறது. யார் தொட்டது என்று அவர் திரும்பிக் கேட்பது அதற்குப் பிறகு. உன் விசுவாசம் என்று பேசுவது அதற்கும் பிறகு. இந்த வரிசை முக்கியம். விசுவாசம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குணம் தரப்படவில்லை. குணமானபின், நடுங்கிக்கொண்டு நின்றவளிடம், இதில் உன் பங்கும் உண்டு என்கிற மாதிரி அந்தச் சொல் தரப்படுகிறது. மந்திரமாகத் திருடிக்கொண்டு போயிருக்க வேண்டியதை அவளுக்குரியதாக ஆக்கிக் கொடுக்கிறார். மகளே என்று கூப்பிடுகிறார். மாற்குவில் அவர் வேறு எந்தப் பெண்ணையும் அப்படிக் கூப்பிடவில்லை. கிரேக்கத்தில் ஸோஸோ என்று ஒரே வினை: துணியைத் தொட்டால் போதும் என்று அவள் நினைப்பதிலும், அவர் பதிலிலும் அதுவே. பழைய தமிழ் முதலாவதைச் சொஸ்தம் என்றும் இரண்டாவதை இரட்சிப்பு என்றும் பிரித்துவிட்டது. புதிய மொழிபெயர்ப்பு இரண்டாவது இடத்திலும் குணம் என்றே சொல்கிறது. மூலத்தில் உடம்பும் ஆத்மாவும் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன.

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் ஒரு மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. பக்கத்து வீட்டார் பெரியம்மாவைக் கூட்டிப் போனார்கள். மேடையிலிருந்தவர் ஜெபித்து முடித்து, சுகமானவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். பெரியம்மாவும் தூக்கினாள். 'அவ்வளவு பெரிய மனுசன் கேட்டாரு. தூக்காம இருக்கக் கூச்சமா இருந்துச்சுடா' என்று பிற்பாடு சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியிலேயே மறுபடி போக ஆரம்பித்துவிட்டது. மறுநாளும் போனாள். மூன்றாம் நாள் மேடைக்குக் கீழே நின்ற ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறாள். உங்களுக்கு விசுவாசம் போதவில்லை அம்மா என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. தராசில் பார்த்துவிட்டுச் சொல்கிற மளிகைக்கடைக்காரர் மாதிரி சொன்னார்.

அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்கு அப்போதும் இப்போதும் ஒரே அபிப்பிராயம்தான். நோயாளியிடம் ஏற்கெனவே இருக்கும் வலியோடு, அந்த வலிக்குக் காரணம் நீதான் என்கிற இன்னொன்றைச் சேர்த்து அனுப்புகிறது அது. நம் ஊர்க் கர்மவினை சொல்வதும் இதுதான். பூர்வ ஜென்மத்துக்குப் பதிலாக இந்த ஜென்மத்தின் மனசைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது, அவ்வளவே. யோவானின் ஒன்பதாம் அதிகாரத்தில் சீஷர்கள் பிறவிக் குருடனைக் காட்டிக் கேட்கிறார்கள்: யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இருவரும் இல்லை என்று பதில் வருகிறது. மைதானத்தில் அந்தப் பக்கத்தை யாரும் படித்திருக்கவில்லை போல.

எதிர்க்கட்சிக்கும் சாட்சியங்கள் உண்டு. அவற்றை மறைப்பது சரியாகாது. நாசரேத்தில், சொந்த ஊரில், அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை என்கிறார் மாற்கு. அவர்களுடைய நம்பாமை அவருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மத்தேயு இதைக் கேட்டுச் சங்கடப்பட்டவர்போல, முடியவில்லை என்பதைச் செய்யவில்லை என்று மாற்றி எழுதுகிறார். ஆகவே நம்புவதும் குணமாவதும் தொடர்பே இல்லாதவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நாசரேத்திலும் சில நோயாளிகள் மேல் கை வைத்துக் குணமாக்கியதாக அதே வாக்கியம் முடிகிறது. வலிப்பு வந்த பையனின் தகப்பன், நம்புகிறேன், நம்பமுடியாமலும் இருக்கிறேன், அதற்கும் நீரே ஒத்தாசை செய்யும் என்கிற பொருளில் கத்துகிறான். தராசு வைத்திருந்தால் அவன் கதையும் பெரியம்மாவின் கதைதான். பையன் எழுந்து நிற்கிறான்.

மாற்குவின் இரண்டாம் அதிகாரத்தில் விசுவாசம் நோயாளியிடம் இருந்ததாகக்கூடச் சொல்லப்படவில்லை. நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைத் தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம். மேலே ஏறிக் கூரையைப் பிரித்து அவனை இறக்குகிறார்கள். மண்ணைக் குழைத்துக் கழிகள் மேல் பூசிய கூரை. தோண்டினார்கள் என்றே மாற்கு சொல்கிறார். இயேசு பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை. பன்மை. படுத்திருந்தவன் என்ன நினைத்தான் என்று கதையில் ஒரு சொல்லும் இல்லை. இங்கே விசுவாசம் என்பது தோளில் தழும்பேறுகிற சுமை, அடுத்தவன் கூரையைப் பாழாக்கத் துணிகிற அவசரம்.

எங்கள் ஜில்லாவின் மலையூர்களில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. ரோடு ஏறாத ஊரிலிருந்து பிரசவக்காரியையும் பாம்பு கடித்தவனையும் மூங்கில் கழியில் துணியைத் தூளியாகக் கட்டித் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கி வருவார்கள். கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலின்போது ஓட்டு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போயின. ராஜ்யம் மேலே போகக் கழுதை கிடைத்தது. நோயாளி கீழே இறங்க மனிதத் தோள்தான்.

அரூருக்கு அப்பால் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் இருக்கிற சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலிருந்து மருத்துவமனைக்குப் போக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போயாக வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சை என்றால் அதைவிட இரண்டு மடங்கு. அங்கே 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதி ஒரு கூரைக் குடிசையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் மயக்க மருந்து நிபுணர், மற்றவர் மகப்பேறு மருத்துவர். அங்குள்ள பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர், மலையை ஆள்கிறவர்கள் என்ற அர்த்தத்தில். கேரளத்தில் படித்து வந்த இரண்டு மலையாளிகள் இந்த மலையாளிகளுக்குப் பிரசவம் பார்த்தார்கள். அவர்கள் வந்தபோது ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. பின்னர் அந்த எண் இருபதையொட்டி வந்தது. உள்ளூர்ப் பெண்களையே தாதிகளாகப் பயிற்றுவித்தார்கள் என்பது பாதிக் காரணம். இதை அற்புதம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் கூரை பிரிக்கிற கதை எங்கே நடந்தது என்று யாராவது கேட்டால் என் மனசில் கப்பர்நகூமுக்கு முன்னால் அந்தக் குடிசை வருகிறது. பெரியம்மாவுக்கும் கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் கட்டியோடு கர்ப்பப்பையை எடுத்தார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டியிருந்தது. ஒன்று என்னுடையது. இன்னொன்றைக் கொடுத்தவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அவரை அவளுக்குத் தெரியாது, அவளை அவருக்குத் தெரியாது. கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

கருணை என்ற சொல்லைத் தவிர்த்துக்கொண்டே வந்தேன். கோயில் கருவறை வாசனை அதில் அதிகம். கிரேக்கத்தில் இயேசுவுக்கு நோயாளிகளைப் பார்த்து வருவதாகச் சொல்லப்படும் உணர்ச்சி குடலையும் ஈரலையும் குறிக்கிற சொல்லிலிருந்து பிறந்த வினை. பழைய தமிழ் மனதுருகி என்றது. உருகுவது மெழுகு. நம் பேச்சுமொழியில் இதற்குச் சரியான சொல் ஈரக்குலை. ஈரக்குலை பதறிப்போச்சு என்கிறோமே, அது. குஷ்டரோகி ஒருவன் வந்து நிற்கும்போது மாற்கு இந்த வினையைப் போடுகிறார். ஆனால் கேம்பிரிட்ஜில் இருக்கும் பெஸா சுவடியில் அதே இடத்தில் கோபம் கொண்டு என்றிருக்கிறது. எது மூலம் என்று அறிஞர்கள் சண்டை பிடிக்கிறார்கள். எழுதுகிறவன் கோபத்தைக் கருணையாகத் திருத்தியிருப்பான், கருணையைக் கோபமாகத் திருத்தியிருக்க மாட்டான் என்பது ஒரு கட்சி. தமிழில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. வயிறு எரிகிறது என்று சொன்னால் அதில் இரண்டும் இருக்கிறது. அந்த வயிற்றெரிச்சலோடுதான் அவர் கையை நீட்டி அவனைத் தொட்டிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. மைதானத்து மேடையில் நான் காணாதது அதுதான். அங்கே குரல் உயர்ந்தது, கைகள் உயர்ந்தன; யார் வயிறும் எரியவில்லை.

பெரும்பாட்டுக்காரியின் கதைக்கு வெளியே இன்னொரு கதை காத்துக்கொண்டிருக்கிறது. ஜெபஆலயத் தலைவன் யவீரு தன் மகள் சாகக் கிடக்கிறாள் என்று காலில் விழுந்து கூட்டிப் போகிற வழியில்தான் இவள் குறுக்கிடுகிறாள். இவள் தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை இயேசு நிற்கிறார். தகப்பனும் நிற்கிறான். அதற்குள் பெண் செத்துப்போனாள் என்று ஆள் வருகிறது. பெண்ணுக்கு வயது பன்னிரண்டு. இவள் நோய்க்கும் பன்னிரண்டு. ஒரு பிரமுகர் ஒரு பெண் குழந்தைக்காகத் தெருவில் விழுந்து கெஞ்சுகிறார் என்பது தர்மபுரிக்காரனுக்குச் சாதாரணமாகக் கடந்துபோகிற செய்தி இல்லை. பெண் சிசுக்களைக் கொல்லாதீர்கள், இங்கே போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கம் 1992-இல் சேலத்தில் தொட்டில் வைத்தது. 2001-இல் அந்தத் தொட்டில் தர்மபுரிக்கும் வந்தது. அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கில் எங்கள் ஜில்லாவில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 826. கிருஷ்ணகிரி பிரிந்தபின் எடுத்த 2011 கணக்கில் 913. தொட்டிலுக்கும் இந்த ஏற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதை ஆராய்ச்சிக்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன். 913-லும் எண்பத்தேழு பேரைக் காணோம்.

யவீருவின் வீட்டில் ஒப்பாரி வைக்கிறவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பெற்றவர்களையும் மூன்று சீஷர்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, அவர் குழந்தையின் கையைப் பிடிக்கிறார். அவர் சொன்ன இரண்டு அராமேயச் சொற்களை மாற்கு அப்படியே வைத்துவிட்டார். சிறு பெண்ணே, எழுந்திரு என்பதற்கு மேல் அதில் மர்மம் ஒன்றும் கிடையாது. அவள் விசுவாசத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எழுந்து நடக்கிறாள். எல்லோரும் வாயடைத்து நிற்கும்போது, இவளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்கிறார்.