பில்லைப் படித்த பிறகே தெரியும் வகை

வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அங்கிருந்து காரைக்கால் கடைக்குச் சரக்கு வந்தால் அது வெளிமாநிலக் கொள்முதல், ஐஜிஎஸ்டி. கேரளக் கரையோரத்து மாகேயிலிருந்து வந்தாலோ உள்மாநிலம், சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். புதுச்சேரியின் நான்கு பகுதிகளுக்கும் ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்கும், தமிழ்நாட்டுக்கு 33. எங்கள் ஊர்க் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிற எனக்கு, விற்றவரின் எண்ணில் முதல் இரண்டு இலக்கத்தைப் படித்த பிறகே பில்லின் வகை தெரியும்.

நான் எழுதும் சி ஷார்ப் மொழியில் 2005 முதல் ஜெனரிக் மெத்தட் உண்டு. பில்லைப் பதிவு செய்யும் வேலையை ஒரே மெத்தடாக எழுதிவிட்டு, வகையை மட்டும் மாற்றி மாற்றி அழைக்கலாம். ஆனால் கம்பைல் ஆகும்போதே வகை தெரிந்திருக்க வேண்டும். மாறியைப் பொதுவாக ‘பில்’ என்று அறிவித்திருந்தால், உள்ளே இருப்பது வெளிமாநில பில்லே ஆனாலும் கம்பைலர் ‘பில்’ என்றே கொள்ளும். பிழை எதுவும் காட்டாது, ஆபத்து அதில்தான்.

ரிஃப்ளெக்‌ஷனில் ஓடும்போது வகையைத் தீர்மானிக்க வழி உண்டு. கெட்மெத்தடால் மெத்தடைத் தேடி எடுத்து, மேக்ஜெனரிக்மெத்தடில் வகையைக் கொடுத்து, இன்வோக் செய்ய வேண்டும். வேலை நடக்கும், கூடவே தொல்லையும் வரும். உள்ளே எழும் பிழை டார்கெட்இன்வொகேஷன்எக்செப்ஷன் என்ற உறைக்குள் வரும். இன்னர்எக்செப்ஷனைப் பார்த்தால்தான் காரணம் புரியும். ஒவ்வொரு பில்லுக்கும் மெத்தடைத் தேடினால் வேகம் குறையும். வகைக்கு ஒரு டெலிகேட் செய்து டிக்‌ஷனரியில் வைத்துக்கொண்டால் தேடல் ஒருமுறையோடு போகும்.

2010இல் வந்த டைனமிக், இதையெல்லாம் ஒரு வரியில் முடித்துவிடும். தேடிய முடிவையும் தானே நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் நேட்டிவ் ஏஓடி முறையில் கம்பைல் செய்தால் இந்த வழிகள் கைவிடக்கூடும். அங்கே இயந்திரக் குறிமுறை முழுவதும் முன்பே தயாராகிவிடுகிறது. ஓடும்போது புதிதாக உருவாக்க முடியாது. ஜெனரிக் மெத்தடில் கிளாஸ்கள் ஒரே குறிமுறையைப் பகிர்ந்துகொள்ளும். ஸ்ட்ரக்ட்களுக்குத் தனித்தனியே வேண்டும் என்பதால் முதலில் மாட்டுவது அவைதான்.

என் பில்லில் இருப்பதோ இரண்டே வகை. அதற்கு ஒரு ஸ்விட்ச் போதும். ஒவ்வொரு கிளையிலும் வகை வெளிப்படையாக நிற்பதால் ஜெனரிக் மெத்தடுக்குச் சரியான வகையே போய்ச் சேரும். பொருந்தாத வகையைக் கொடுத்தால் கம்பைலரே தடுக்கும். ஆனால் நாளை வேறொருவர் எழுதிச் சேர்க்கப்போகும் பிளக்இன் வகைகளை நாம் இன்று அறிய முடியாது. ரிஃப்ளெக்‌ஷனுக்கு உரிய இடம் அது. வகைகளை விரல்விட்டு எண்ண முடிந்தால் ஸ்விட்சே எழுதுங்கள்.