மொய் நோட்டும் சாட்சிதான்

என் தங்கைக்கு விசா மறுக்கப்பட்டபோது வந்த கடிதத்தின் சாரம் இதுதான்: அவளுடைய கல்யாணம் உண்மையானது என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை.

தங்கை பாசிர் ரிஸ்ஸில் பிறந்து வளர்ந்தவள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம், வேலை ஐரோப்பாவில். பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் கல்யாணம், பிறகு புதுக்கோட்டையில் வரவேற்பு. இரண்டு வாரத்தில் மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பினார். தங்கை எங்களுடனேயே தங்கி விசாவுக்குக் காத்திருந்தாள்.

மறுப்புக்குக் காரணங்கள் மூன்று. கல்யாணத்துக்கு முன் இருவரும் சந்தித்தது இரண்டே முறை. இருவர் மட்டும் இருக்கும் படங்கள் குறைவு. கல்யாணத்துக்குப் பின் தொடர்பில் இருந்ததற்குச் சான்று போதவில்லை.

“நிச்சயம் ஆன பொண்ணையும் மாப்பிள்ளையையும் யாரு தனியா விட்டா, படம் எடுக்க?” என்று கேட்டார் அம்மா.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. பிரிட்டனில் 1980 முதல் 1997 வரை ‘முதன்மை நோக்கம்’ என்றொரு விதி இருந்தது. நாட்டுக்குள் நுழைவது தன் கல்யாணத்தின் முக்கிய நோக்கம் அல்ல என்று விண்ணப்பதாரரே நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படிக் காட்டுவது? பெரியவர்கள் பார்த்துச் செய்யும் கல்யாணம் வழக்கமாக உள்ள இந்தியத் துணைக்கண்டக் குடும்பங்கள் பல அதில் சிக்கித் தவித்தன. 1997-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு அதை நீக்கியது.

ஆனால், சந்தேகம் எழவும் காரணம் உண்டு. பணத்துக்காகப் போலிக் கல்யாணம் செய்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். சிங்கப்பூர் 2012-இல் குடிநுழைவுச் சட்டத்தைத் திருத்தி அதைத் தனிக் குற்றமாக்கியது. 10 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

கோபத்தை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு காரணத்துக்கும் நேராக ஒரு சான்றைத் தேடினோம். பெண் பார்த்தது, நிச்சயதார்த்தம், முகூர்த்தம் என நடந்ததை நடந்த வரிசையில், தேதியுடன் எழுதி இரு வீட்டுப் பெரியவர்களும் கையெழுத்திட்டார்கள். புதுக்கோட்டையிலிருந்து மொய் நோட்டின் பக்கங்கள் வந்தன. தாய்மாமன் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை யார் எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கு அது. ஊரே வந்து நின்ற கல்யாணம் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? அதையும் மொழிபெயர்த்து இணைத்தோம். மாப்பிள்ளை தீபாவளிக்கு வந்துபோன விமானச் சீட்டும், அவர் மாதாமாதம் அனுப்பிய பணத்துக்கான வங்கிக் கணக்கும் சேர்ந்தன.

வாட்ஸ்அப் உரையாடல்தான் தங்கையை அழவைத்தது. “அவர்கிட்ட நான் பேசினத யாரோ படிக்கணுமாக்கா?” என்றாள். எதைக் கொடுப்பது என்பதை அவளிடமே விட்டோம். காய்ச்சலுக்கு என்ன மருந்து, வாடகை கட்டியாச்சா, ரசத்துக்குப் புளி எவ்வளவு என்பது போன்ற பேச்சுகளை மாதத்துக்குச் சில பக்கமாக எடுத்துக் கொடுத்தாள். கணவன் மனைவி என்பதற்கு அவையே போதுமானவையாக இருந்தன.

மறுபடியும் கட்டணம், மறுபடியும் காத்திருப்பு. இம்முறை விசா கிடைத்தது.

வெளிநாட்டுச் சம்பந்தம் பேசும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அழைப்பிதழ், மண்டப ரசீது, பயணச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். மறுப்பு வந்தால் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் வழக்கம் நமக்குத் தெரியும். எங்கோ மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதை நாம்தான் சொல்ல வேண்டும்.